ஒற்றைக்கண் வேன்

போன கிழமைப் பத்தியில் எங்கள் வீட்டுக்கு வேன் வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரத்தொட்ட கடைவீதியில் ஒருவர் என்னை மறித்து, "அதுக்கப்புறம் நிம்மதியா ஓட்டுனீங்களா?" என்று கேட்டார். நிம்மதியாம். அந்த நிம்மதி எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

விடிந்தும் விடியாத நேரம். ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இறங்கிய பனி ரோட்டின் மேல் படுத்துக் கிடந்தது. வேனுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பாதிப் பேர் தூக்கம். காலில் கிடந்த ஈரச் சப்பாத்து மணமும் யாரோ மடியில் வைத்திருந்த ரொட்டி, சம்பல் மணமும் கலந்து அடித்தன. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, மதகடி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. அதன் இரண்டு லைட்டும் தெரிந்தன. ஒதுங்குவான் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. என் பாதி ரோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேராக வந்தான்.

பிரேக்கை மிதித்தேன். வேனின் இடது சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. பஸ்ஸும் கிரீச்சென்று நின்றது. என் கண்ணாடிக்கும் அவன் மூஞ்சிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடமில்லை. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

கண்டக்டர் குதித்து இறங்கினான். "அக்கே, லயிட் எக கோ?" லைட் எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறான். பஸ் டிரைவர் ஜன்னலால் தலையை நீட்டினார். தெரிந்த தமிழில் பேசினார்.

"பைக்னு நெனச்சேன் அக்கா. ஒரு லைட் தானே தெரிஞ்சிச்சு. பைக்னா எடம் போதும் தானே."

இறங்கிப் பார்த்தேன். வலது பக்க ஹெட்லைட் செத்துப்போயிருந்தது. எதிரே வருகிறவனுக்கு முதலில் தெரியவேண்டியதே அந்தப் பக்கம்தான். அந்த பல்பைப் போட்டு இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பஸ்காரனை இல்லை, பல்பை. கண்டக்டருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

திரும்ப ஏறியபோது பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "டிரைவரக்கா, வேனுக்கு ஒரு கண்ணு போச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் முன்னால் அழுத பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் ஒற்றைக்கண் வேன்.

ஊரெல்லாம் டாக்டர்மார்

வேனை வாங்கியபோது அதில் இருந்த பல்புகள் எத்தனையோ காலம் எரிந்தன. அவை வயதாகித்தான் போயின. அதற்குப் பிறகு பிடித்தது சனியன். புது பல்ப் போட்டால் ஒரு கிழமை, மிஞ்சினால் மூன்று கிழமை. ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது. முறை வைத்துச் செத்தன.

எங்கள் பக்கத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நாலு பேர் மருந்து சொல்வார்கள். வேனுக்கு வந்தால் நாற்பது பேர்.

ஒருவர் யட்டவத்தயில் வாகன வயரிங் வேலை பார்க்கிற ஒரு பாஸிடம் போகச் சொன்னார். போனேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்து, "சார்ஜ் கூடுது, அதான் பல்பு தாங்கல" என்றார். எதையோ கழற்றிப் புதியதைப் போட்டார். எனக்கு ஒரு பிளேன்டீயும் தந்தார். பிளேன்டீ நன்றாக இருந்தது. அடுத்த கிழமை இடது பல்ப் போயிற்று.

பல்லேபொலயில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்காரர், லைட்டுக்குள் தண்ணீர் போகிறது என்று கண்டுபிடித்தார். வந்த அன்றே சுற்றிவரப் பசை பூசினார். கேக்குக்கு ஐசிங் வைத்த மாதிரி பூசினார். தண்ணீர் போகவில்லை. பல்ப் போயிற்று.

ரோடு குலுக்குகிற குலுக்கில் உள்ளே இருக்கும் கம்பி அறுந்துவிடுகிறது என்று இன்னொருவர் சொன்னார். "ரோட்ட மாத்துங்க அக்கா, எல்லாம் சரியாப் போயிடும்." நானா மாற்றுவது? இந்த ரோட்டில் ஒரு குழியை மூடினால், மூடிய தாரே அடுத்த மழையில் மேடாகி நிற்கிறது. முன்னே குழியில் விழுந்தோம், இப்போது மேட்டில் ஏறி விழுகிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய டாக்டர்மார் த்ரீவீல்காரர்கள். "எல்ஈடி போடுங்க அக்கா, வாழ்நாளுக்கும் எரியும்." அதையும் போட்டுப் பார்த்தேன். பனிக்குள் அந்த வெள்ளை வெளிச்சம் என்ன செய்யும் தெரியுமா? முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரே நாளில் கழற்றி எறிந்தேன். அவர்களுடைய த்ரீவீல்களைப் பாருங்கள். முன்னால் நீலம், கீழே ஊதா, பின்னால் பச்சை. கல்யாண மண்டபம் நடந்து வருகிற மாதிரி வருகிறார்கள். அவர்களிடம் போய் யோசனை கேட்டேனே, என்னைச் சொல்லவேண்டும்.

பனிக்கு மஞ்சள் வெளிச்சம்தான் சரி. பழைய மாதிரி பல்ப்தான் சரி. அது எரிந்தால்.

கை படக்கூடாது

அந்த பல்புக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணாடியில் கை படக்கூடாது. பெட்டியிலேயே ஒரு கையைப் படம் போட்டு, மேலே குறுக்காகக் கோடு இழுத்திருப்பார்கள். கையில் இருக்கிற எண்ணெய் ஒட்டினால், லைட்டைப் போட்டதும் அந்த இடத்தில் சூடேறிக் கண்ணாடி வீங்கிவிடும். பிறகு பல்ப் நிற்காது.

இதை எனக்கு யாரும் இரண்டாம் தடவை சொன்னதில்லை. ஒரு பழைய வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையைக் கிழித்துத் துணி வைத்திருக்கிறேன். அது தனிப் பையில் இருக்கும். பல்பின் அடிப்பாகத்தை அந்தத் துணியால்தான் பிடிப்பேன். கிரில்லைக் கழற்றிவிட்டு, ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டையால் பல்பை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவித் தடவித்தான் பூட்டவேண்டும். விரல் முட்டியில் தோல் போகும். போகட்டும். கண்ணாடியில் என் கை பட்டதே இல்லை.

ஒருநாள் என் வீட்டுக்காரர் அந்தத் துணியை எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டார். அதற்கு நான் போட்ட சண்டை கீழ் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டதாம்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

லிங்கம்

என் வீட்டுக்காரர் பெயர் லிங்கம். இந்த வேனை அவர் ஓட்டவேண்டியது. அவர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி டிரைவர். இந்த மலையில் அவரை மாதிரி ரிவர்ஸ் எடுக்க ஆள் இல்லை என்று அவருடைய எதிரிகளே சொல்வார்கள்.

ஒருநாள் காலை, பனிக்குள் லொறி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. மதகடி வளைவில்தான். தேயிலைச் செடிகள் பிடித்து நிறுத்தியதால் உயிர் தப்பினார். வலது கால் முன்னைப் போல மடங்குவதில்லை. கால் பெரிதில்லை. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கில் கை வைத்தால் அவருக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. ஒரு தடவை முயன்று பார்த்தார். இறங்கி, சாவியை என் கையில் கொடுத்தார். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் ஓட்டப் பழகினேன்.

அவர் இப்போது மிளகுக் கொடி, கராம்பு என்று வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறார். வேனுக்கு அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பூசை.

வெள்ளிக்கிழமை தவறாமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். புது டயர் வந்தால் திருநீறு. புது வைப்பர் வந்தால் திருநீறு. ஃபேன் பெல்ட்டுக்குக்கூடக் குங்குமம் வைத்த மனுஷன். "அது எஞ்சினுக்குள்ள சுத்துற சாமான், சாமி எப்படிப் பாக்கும்?" என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாது, பேசாம இரு" என்றார்.

எனக்கும் சாமிக்கும் சண்டை ஒன்றும் இல்லை. நேரம் இல்லை. இருட்டோடு எழுந்து சமைத்து, வேனைக் கழுவி, பிள்ளைகளை ஏற்றப் போகிறவள் எங்கே நெற்றியைப் பார்ப்பது? நான் திருநீறு வைக்காமல் போவது அவருக்குக் குறைதான். ஆனாலும் சொல்லமாட்டார். எனக்கும் சேர்த்து வேனுக்கு வைத்துவிடுவார்.

புது பல்ப் வாங்கி வந்தாலும் அப்படித்தான். பெட்டியை வாங்கிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பார். காலையில் கோயில் பிரசாதம் தருகிற மாதிரி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டுவார். நான் பிடுங்கிக்கொண்டு இருட்டோடு பூட்ட ஓடுவேன்.

ரேணுகா சொன்னது

பஸ் கதை லயத்துக்குப் போய்விட்டது. போகாமல் இருக்குமா? இருபது வாய் பார்த்துக்கொண்டு இருந்ததே. நான் லிங்கத்திடம் மட்டும் சொல்லவில்லை. மதகடி வளைவு என்றால் அந்த மனுஷன் சாப்பிடமாட்டார்.

மேட்டு லயத்து ரேணுகா தன் மகளை ஏற்றிவிட வந்தபோது ஜன்னல் பக்கமாக வந்தாள். கூட இன்னும் மூன்று தாய்மார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க."

"கோவிக்கிற மாதிரி என்னா சொல்லப் போற?"

"புள்ளைங்க பஸ் கதைய சொல்லுதுங்க. எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. நீங்க நல்லா ஓட்டுவீங்க, அது தெரியும். ஆனா இன்னொரு தடவ ஒத்த லைட்டோட வந்தீங்கன்னா, நாங்க எல்லாரும் வேற வேனுக்கு மாத்திருவோம். முடிவு பண்ணிட்டோம்."

அந்த நாலு பேர் முடிவு பண்ணினால் லயமே முடிவு பண்ணினமாதிரி. வேனில் பாதி காலி. பாதி வேனோடு மாத்தளைக்கு ஓட முடியாது. வேன் ஓடாவிட்டால் வீடும் ஓடாது.

அவள் பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அவள் சொன்னது முழுக்கச் சரி. சரியாகப் பேசுகிறவர்களிடம் சண்டை பிடிக்க முடியாது. அந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினேன். நேரே மாத்தளை டவுனுக்கு, ஹனிபா நானாவின் கடைக்கு விட்டேன்.

கண்ணாடி மேசை மேல் செத்த பல்புகள்

நானா என்று நாங்கள் அண்ணன் முறையில் கூப்பிடும் அவர் வாகனச் சாமான் விற்கிறவர். இத்தனை பல்பும் அவரிடம் வாங்கியவைதான். நான் செத்த பல்புகளை எறிவதில்லை. ஒருநாள் யார் தலையிலாவது கொட்டவேண்டும் என்று வேனின் முன்னால் இருக்கும் இழுப்பு லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தேன். அந்த நாள் வந்துவிட்டது. லாச்சியையே உருவிக்கொண்டு போய், அவருடைய கண்ணாடி மேசை மேல் கவிழ்த்தேன்.

"இதெல்லாம் பல்பா நானா? மெழுகுதிரி இதவிடக் கூட நேரம் எரியும்!"

"தங்கச்சி, மெதுவாப் பேசுங்க. கடையில ஆள் இரிக்கி."

"இருக்கட்டும். கேக்கட்டும். நல்ல சாமான்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"நல்ல சாமான்தான். என்ட மகன்ட வேன்லயும் இதே பல்புதான் இரிக்கி. வருஷம் தாண்டிட்டு."

"அப்ப எனக்குன்னு தேடி எடுத்துக் குடுத்தீங்களா?"

"அல்லாஹ்வே!" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பல்பை எடுத்துப் பார்த்தார். "இங்க பாருங்க. கண்ணாடி வீங்கி இரிக்கி. கைய வெச்சிரிக்கீங்க."

கையை வைத்தேனாம். என்னிடம் சொல்கிறார்.

"நான் கை வைக்கல!"

"அப்ப வேற யாரோ வெச்சிரிக்காங்க."

"என் வேன்ல என்னைத் தவிர ஒருத்தரும் கை வைக்கிறதில்ல!" என்று கத்திக்கொண்டே பல்பைப் பிடுங்கினேன். அவருடைய பொய்யை வெளிச்சத்தில் காட்டலாம் என்று கடை வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தேன்.

கண்ணாடியின் மேல் வெள்ளையாக மூன்று கோடு இருந்தது.

நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. அழுக்கு இல்லை அது. சூட்டில் கண்ணாடிக்குள்ளேயே இறங்கி, வெந்து போயிருந்தது. இன்னொரு பல்பை எடுத்தேன். மூன்று கோடு. இன்னொன்று. மூன்று கோடு. ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில், நடுக்கோடு கொஞ்சம் நீளமாக. கோணல்மாணலாக ஒன்றுகூட இல்லை. பக்தியோடு போட்ட கோடுகள்.

தினமும் விடியற்காலையில் ஒரு நெற்றியில் பார்க்கிற கோடுகள்.

கடையில் பெல்ட் வாங்க வந்திருந்த த்ரீவீல்காரப் பொடியன் எட்டிப் பார்த்தான். "என்னாக்கா, பல்பு சிவபக்தனா?"

"நீ ஒன் வேலையப் பாருடா!"

நானா என்னைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். விளங்கிவிட்டது அவருக்கு. சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். செத்த பல்புகளை எல்லாம் கூட்டி லாச்சிக்குள் போட்டார். மேலே புதிதாக இரண்டு பெட்டியை வைத்தார்.

"வீட்டுல போய்ச் சத்தம் போடாதீங்க தங்கச்சி. நல்லது நெனச்சித்தான் செஞ்சிரிக்காங்க."

நல்லது நினைத்துச் செய்கிறவர்களிடம்தான் சத்தம் போடவேண்டியிருக்கிறது. கெட்டது நினைக்கிறவன் என் பல்பைத் தேடியா வரப்போகிறான்?

"நான் தொடலையே"

வீட்டுக்கு வந்தபோது அவர் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க."

"என்னா, வேன் பழுதா?"

"எறங்குங்கன்னு சொல்றேன்."

இறங்கினார். ஒரு பல்பை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"இது என்னா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "திருநீறு."

"பெட்டிக்குத்தானே வைப்பீங்க?"

"பெட்டிக்கு வச்சா பல்புக்கு எப்படிப் போவும்? பெட்டியக் கழட்டித் தூக்கிப் போட்டுடறியே."

"கண்ணாடியத் தொடக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நான் தொடலையே! ஒன் துணியாலதான் புடிச்சேன். திருநீறுதான் தொட்டிச்சு. கையில எண்ணெய்ன்னு சொன்ன. திருநீறுல எங்க எண்ணெய்? அப்புறம் ஊதியும் விட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ரகசியமாக வைத்திருந்ததை அப்படியே கொட்டிவிட்டேன்.

"ஒங்க திருநீறால லைட் செத்து, பஸ்ஸு எம் மேல வந்துச்சு! பைக்னு நெனச்சு வந்தான்! புள்ளைங்க உள்ள இருக்குது. இன்னும் கொஞ்சம் வந்திருந்தான்னா யாருக்குத் திருநீறு வச்சிருப்பீங்க?"

அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மிளகுப் பை கையிலிருந்து நழுவி, பச்சை மிளகு மண்ணில் சிதறியது.

"எந்த வளைவு?"

நான் பல்பைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"எந்த வளைவுன்னு கேக்கறேன்."

"மதகடி."

மண்ணிலிருந்து மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எழுந்து, நான் கொண்டுவந்த புதுப் பெட்டிகளை எடுத்து என் கையிலேயே திருப்பித் தந்தார். சாமிப் படத்துக்குக் கொண்டுபோகவில்லை.

"நீயே பூட்டு. இனி நான் அந்தப் பக்கம் வரல."

பூட்டினேன். புதுத் துணி கிழித்து, வெயில் இருக்கும்போதே பூட்டினேன். பல்பை இரண்டு தடவை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். பளிங்கு மாதிரி இருந்தது.

காலை

மறுநாள் லைட்டைப் போட்டேன். பனிக்குள் இரண்டு மஞ்சள் பாதை நீண்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு நம்பி ஓட்டக்கூடிய வெளிச்சம். சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

லிங்கம் கதவடியில் நின்றார். மற்ற நாட்களில் வேனை ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் ஒரு தட்டுத் தட்டுவார். அன்றைக்குக் கையைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டு தள்ளி நின்றார். தன் கை பட்டால் வேனே எரிந்துவிடும் என்கிற மாதிரி நின்றார். நெற்றியில் மூன்று கோடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் கியரைப் போட முடியவில்லை. அவர் மேல் கோபம், என் மேல் கோபம், இந்த மனுஷனிடம் மிஞ்சியிருந்த ஒரு வேலையையும் நானே பிடுங்கிவிட்டேனே என்ற கோபம். நேரமும் போகிறது.

ஜன்னலை இறக்கினேன்.

"என்னா பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? திருநீறு எங்க?"

"நீதான் வேணாம்னியே."

"பல்புக்குத்தான் வேணாம்னேன்." தலையை வெளியே நீட்டினேன். "இங்க வைங்க. நான் ஃபியூஸ் போகமாட்டேன்."

அவர் காலை இழுத்து இழுத்து உள்ளே போய்த் தட்டோடு வந்தார். விரல் ஐஸ் மாதிரி இருந்தது. மூன்று கோட்டையும் மெதுவாக, நடுக்கோட்டைக் கொஞ்சம் நீளமாக, இழுத்தார். பிறகு வழக்கம்போல ஊதினார். அவ்வளவு சாம்பலும் என் கண்ணுக்குள் விழுந்தது.

"கண்ணு! கண்ணத் தொலச்சுட்டீங்க! நான் எப்படி ஓட்டுறது?"

"ஒத்தக்கண்ணால ஓட்டு" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேட்டு லயத்தில் ரேணுகா குனிந்து இரண்டு லைட்டையும் உற்றுப் பார்த்தாள். பிறகுதான் மகளை ஏற்றினாள். ஏற்றிவிட்டு என் நெற்றியைப் பார்த்தாள்.

"என்னாக்கா, இன்னைக்கு என்னா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. கதவ நல்லா சாத்து."

மதகடி வளைவில் அதே பஸ் ஏறி வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பஸ் டிம் போட்டது. வலது பக்கத்தை விட்டு மெதுவாகத் தன் ஓரத்துக்கு விலகி, சக்கரம் புல்லில் ஏற நின்றது. பைக்குக்கு விடுகிற இடம் இல்லை. ஒரு முழு வேனுக்கு விடுகிற இடம்.

நானும் டிம் போட்டுவிட்டு இறங்கினேன்.